படித்தவர்கள் நிறைந்த இடத்தில் நீண்டகால வேலையின்மை: கிழக்கு ஜெர்மனி, ஒரு நிகழ்வு ஆய்வு

படிப்பு கூடக்கூட வேலையில்லாமல் இருக்கும் வாய்ப்பு குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் வெளியிடும் அட்டவணைகளில் இது ஆண்டு தவறாமல் தெரிகிறது. மேல்நிலைக் கல்வியை முடிக்காதவர்களின் வேலையின்மை விகிதம் பட்டதாரிகளுடையதைப் போலச் சுமார் மூன்று மடங்கு. இதைப் பார்த்ததும் ஒரு கொள்கை முடிவுக்குத் தாவுவது சுலபம்: எந்த வட்டாரத்தில் ஆண்டுக்கணக்காக ஆட்கள் வேலையில்லாமல் இருக்கிறார்களோ, அங்கே படிப்பைக் கொடுங்கள், பயிற்சியைக் கொடுங்கள், மற்றதெல்லாம் தானே சரியாகும்.

இந்தத் தாவல் எவ்வளவு தூரம் செல்லும் என்று சோதிக்க விசித்திரமான ஒரு வட்டாரம் வேண்டும். அங்கே படிப்பு நிறைய இருக்க வேண்டும், வேலை மட்டும் திடீரென்று மறைந்திருக்க வேண்டும். மொழி, சட்டம், நாணயம் எல்லாம் ஒன்றாகவே உள்ள வேறொரு வட்டாரம் ஒப்பிடுவதற்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எந்த ஆய்வாளரும் இப்படி ஒரு சோதனையை வடிவமைக்க முடியாது. ஆனால் 1990இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாக இணைந்தபோது, கிழக்குப் பகுதியில் கிட்டத்தட்ட இதுவே நடந்தது.

முதலில் அளவுகோல். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்கில் ஒருவர் வேலையற்றவர் ஆக வேண்டுமானால், கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம்கூட ஊதியத்துக்கு உழைத்திருக்கக் கூடாது. முந்தைய நான்கு வாரங்களில் வேலை தேடியிருக்க வேண்டும். கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். இந்த நிலை 12 மாதமோ அதற்கு மேலோ நீடித்தால் ஐரோப்பாவில் அது நீண்டகால வேலையின்மை. அமெரிக்காவில் 27 வாரத்திலேயே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. தேடுவதையே விட்டுவிட்டவர் இரண்டு கணக்கிலும் வரமாட்டார். இது பின்னால் முக்கியமாகும்.

கையில் இருந்த சான்றிதழ்கள்

பழைய ஜெர்மன் ஜனநாயகக் குடியரசில், அதாவது கம்யூனிச ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில், ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் பத்து வகுப்புப் பள்ளியை முடித்தார்கள். பிறகு பெரும்பாலானோர் ஒரு ஆலையிலோ பண்ணையிலோ பழகுநராகச் சேர்ந்து, திறன் தொழிலாளி சான்றிதழ் வாங்கினார்கள். கோம்பினாட் என்று அழைக்கப்பட்ட பெரிய அரசு ஆலைத் தொகுப்புகளுக்குச் சொந்தத் தொழிற்பள்ளிகளே இருந்தன. தொழிற்சான்றிதழ் எதுவும் இல்லாதவர்களின் பங்கு மேற்கு ஜெர்மனியைவிடக் கிழக்கில் குறைவு. வேலைக்குப் போகும் பெண்களின் விகிதமோ மேற்கைவிட வெகு அதிகம். பாடத்தில் இருந்த அரசியலைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஃபிட்டர், லேத் இயக்குபவர், மின்பணியாளர், நெசவாளர், ஆய்வகப் பணியாளர் என்று கைத்தொழில் தெரிந்தவர்கள் நிறைந்த சமூகம் அது. இணைப்பு ஒப்பந்தத்தின்படி இந்தச் சான்றிதழ்கள் ஒன்றுபட்ட ஜெர்மனியிலும் செல்லுபடியாயின. காகிதத்தில் யாரும் எதையும் இழக்கவில்லை.

1989இல் அங்கே வேலையில் இருந்தவர்கள் சுமார் 97 லட்சம் பேர். நான்கே ஆண்டுகளில் அதில் மூன்றில் ஒரு பங்கு வேலைகள் காணாமல் போயின.

1990 ஜூலை 1 அன்று நாணய ஒன்றியம் வந்தது. சம்பளங்கள் ஒன்றுக்கு ஒன்று என்று மேற்கு ஜெர்மன் மார்க்குக்கு மாற்றப்பட்டன. ஆனால் கிழக்கு ஆலைகளின் உற்பத்தித்திறன் மேற்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சரக்கின் விலை ஒரே இரவில் ஏறியது. வாங்கிக்கொண்டிருந்த சோவியத் முகாம் நாடுகளிடமும் அந்த விலை கொடுக்கப் பணமில்லை. 1991க்குள் தொழில் உற்பத்தி பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே விழுந்துவிட்டது. அரசு ஆலைகளை விற்கவோ மூடவோ ஏற்படுத்தப்பட்ட ட்ராய்ஹண்ட் நிறுவனத்தின் கையில் தொடக்கத்தில் சுமார் 8,500 நிறுவனங்களும் 40 லட்சம் தொழிலாளர்களும் இருந்தனர். அதன் தலைவர் டெட்லெவ் ரோவெடர் 1991 ஏப்ரல் 1 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பிர்கிட் ப்ரோயல் அந்தப் பொறுப்புக்கு வந்தார். 1994 இறுதியில் கடையைக் கட்டியபோது ட்ராய்ஹண்ட் விட்டுச் சென்ற நட்டம் சுமார் 25,600 கோடி மார்க்.

இதில் படிப்பின் பங்கு என்ன? வேலை போனவர்களில் யாரும் படிக்காததால் வேலை இழக்கவில்லை. லௌசிட்ஸ் பகுதியின் பழுப்பு நிலக்கரித் தொழிலில் 80,000 பேருக்கு அருகில் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து பத்தாயிரத்துக்கும் கீழே. சுரங்கப் பொறியாளரும் போனார், சுரங்கத் தொழிலாளியும் போனார், கணக்கரும் போனார், சமையல் கூடத்தில் வேலை செய்தவரும் போனார்.

ஆண்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது

நீண்டகால வேலையின்மை உடனே எண்களில் ஏறவில்லை. காரணம், அரசு பணத்தைக் கொட்டியது. 1991 வசந்தத்தில் 20 லட்சம் பேர் வரை குறுநேர வேலையில் இருந்தார்கள். பலருக்கு அந்தக் குறுநேரம் பூஜ்ஜிய நேரம். ஆலைக்குப் போக வேண்டியதில்லை, வேலை இருப்பதாகக் கணக்கு. 55 வயதைக் கடந்த பல லட்சம் பேர் முன்கூட்டியே ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். 1992 அளவில் அரசு ஊதியத்தில் நடக்கும் தற்காலிக வேலைத் திட்டத்தில் 4 லட்சத்துக்கு அருகிலும், மறுபயிற்சி வகுப்புகளில் 5 லட்சத்துக்கு அருகிலும் ஆட்கள் இருந்தார்கள். அந்தத் தற்காலிக வேலைத் திட்டத்தை ஜெர்மானியர்கள் ஏபிஎம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

ஒருவருடைய பாதையைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். ரசாயன ஆலையில் ஃபிட்டர், வயது 42. 1991இல் பூஜ்ஜிய நேர வேலை. அந்த ஆண்டு இறுதியில் பணிநீக்கம். அடுத்து ஓராண்டு ஏபிஎம். பல இடங்களில் இந்த வேலையே, தாங்கள் உழைத்த ஆலையை இடித்து அப்புறப்படுத்துவதுதான். அது முடிந்ததும் எட்டு மாதம் சும்மா. பின்பு கட்டுமானத் துறைக்கான மறுபயிற்சி, கையில் இரண்டாவது சான்றிதழ். கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் என்பதால் உடனே வேலையும் கிடைக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் கட்டுமான எழுச்சி அடங்கியதும் அதுவும் போகிறது. மறுபடி வேலைவாய்ப்பு அலுவலகம், மறுபடி வகுப்பு.

பத்தாண்டில் இவர் நிலையான வேலையில் இருந்தது இரண்டு மூன்று ஆண்டு. ஆனால் பதிவேட்டில் இவர் நீண்டகால வேலையற்றவர் ஆகாமலே தப்பித்திருக்கலாம். திட்டத்தில் சேரும்போது வேலையின்மைக் காலம் அறுபடுகிறது. வெளியே வந்ததும் கடிகாரம் பெரும்பாலும் முதல் நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. ஒரு வட்டாரத்தின் பதிவு எண்களை மட்டும் வைத்துப் படிப்போடு பொருத்திப் பார்ப்பவர் இந்த இடத்தில் ஏமாறுவார். இவரிடம் இப்போது இரண்டு சான்றிதழ் இருக்கின்றன, பதிவில் ஆறு மாத வேலையின்மைதான் தெரிகிறது. கல்வி வேலை செய்கிறது என்று அட்டவணை சொல்லும்.

மறுபயிற்சியால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த வேலைக்கு என்று தெரியாமல் கொடுத்த பயிற்சி, ஆளை வரிசையில் கொஞ்சம் முன்னால் தள்ளியது, அவ்வளவுதான். வரிசை நகரவில்லை. ஏபிஎம்மை ஆராய்ந்த பொருளியலாளர்கள் பெரும்பாலும் கண்டதும் அதுதான்: சேர்ந்தவர்களுக்கு நிலையான வேலை கிடைக்கும் வாய்ப்பு உயரவில்லை, சில குழுக்களுக்குக் குறைந்தும் போனது. திட்டத்தில் இருக்கும் மாதங்களில் வெளியே வேலை தேடுவது நின்றுபோகிறது என்பது ஒரு காரணம். 2012இல் அந்தத் திட்டமே எடுக்கப்பட்டது.

இளைஞர்களுக்கு நடந்தது இன்னொரு விதம். பழகுநராகச் சேர்க்க ஆலை இல்லாததால், அரசுச் செலவில் தனிப் பயிற்சிக் கூடங்கள் திறக்கப்பட்டன. மூன்று ஆண்டு பயின்று தேர்வு எழுதி முறையான சான்றிதழோடு வெளியே வந்தார்கள். ஜெர்மன் தொழிற்கல்வியின் பலமே, பயிற்சி கொடுக்கும் நிறுவனம் அந்தப் பையனையோ பெண்ணையோ அப்படியே வேலைக்கு வைத்துக்கொள்வதில் இருக்கிறது. நிறுவனம் இல்லாத பயிற்சியில் அந்த இரண்டாம் வாசல் இல்லை. சான்றிதழ் வாங்கிய மறுவாரமே வேலைவாய்ப்பு அலுவலகம்.

2005: மூன்று படிகள்

2005 ஜனவரி 1 அன்று ஹார்ட்ஸ் நான்கு எனப்படும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய சம்பளத்தை ஒட்டிய நீண்டகால உதவித்தொகையும் ஏழைகளுக்கான சமூக உதவியும் ஒன்றாக்கப்பட்டன. மாத அடிப்படைத் தொகை மேற்கில் 345 யூரோ, கிழக்கில் 331 யூரோ. அந்த 14 யூரோ வேறுபாடு அடுத்த ஆண்டே நீக்கப்பட்டது, ஆனால் அது உண்டாக்கிய கசப்பு அவ்வளவு சீக்கிரம் நீங்கவில்லை. முந்தைய கோடையிலேயே மாக்டெபுர்க்கில் தொடங்கிப் பல நகரங்களில் திங்கட்கிழமை ஊர்வலங்கள் நடந்தன. முப்பது ஆண்டு உழைத்த திறன் தொழிலாளியும் ஒருநாளும் வேலைக்குப் போகாதவரும் ஒரே படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஜெர்மனியின் பதிவு பெற்ற வேலையற்றோர் 50 லட்சத்தைத் தாண்டினர். தொழிலாளர் கணக்கெடுப்பின்படி வேலையற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டைக் கடந்தவர்கள். படிப்பும் வட்டாரமும் சந்திக்கும் இடத்தை நியூரம்பெர்க்கில் உள்ள வேலைவாய்ப்பு ஆய்வு நிறுவனமான ஐஏபி கணக்கிட்டது. தொழிற்சான்றிதழ் இல்லாதவர்களில் மேற்கில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையற்றவர். கிழக்கில் அது 40 சதவீதத்துக்கு மேல். சான்றிதழ் உள்ள திறன் தொழிலாளர்களில் மேற்கில் 7 சதவீதம் அளவு, கிழக்கில் ஐந்தில் ஒருவருக்கு அருகில். பட்டதாரிகளில் மேற்கில் 3 முதல் 4 சதவீதம், கிழக்கில் 6 அளவில்.

இவை மொத்த வேலையின்மை விகிதங்கள், நீண்டகாலம் மட்டும் அல்ல. இருந்தாலும் அமைப்பு தெளிவாகவே இருக்கிறது. இரண்டு பக்கத்திலும் படிப்பின் படிக்கட்டு அப்படியே இருக்கிறது: மேலே போகப் போக வேலையின்மை குறைகிறது. ஆனால் கிழக்கின் நடுப்படியையும் மேற்கின் கீழ்ப்படியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழக்கில் மூன்றாண்டு பயின்று சான்றிதழ் வாங்கியவரின் நிலை, மேற்கில் எந்தச் சான்றிதழும் இல்லாதவரின் நிலையை நெருங்கிவிட்டது. ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் கல்வி தீர்மானிக்கிறது. படிக்கட்டு எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கிறது என்பதை வட்டாரம் தீர்மானிக்கிறது.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது நடுப்படி. கீழ்ப்படியில் கிழக்கின் விகிதம் மேற்கைப்போல இரண்டு மடங்குக்கும் குறைவு, மேல்படியிலும் அப்படித்தான். நடுவில்தான் இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. பொதுப் பேச்சில் அதிகம் பாதிக்கப்படுபவர் படிக்காதவர்தான் என்பார்கள். ஆனால் ஒரு வட்டாரம் சரியும்போது மேற்கோடு ஒப்பிட அதிகம் இழந்தவர் தொழில் படித்தவர். அவருடைய திறமை ஒரு எந்திரத்தோடும் ஒரு ஆலையோடும் ஒட்டிக்கிடக்கிறது. பட்டதாரி மூட்டை கட்டி மேற்கே மியூனிக்குக்கோ ஸ்டுட்கார்ட்டுக்கோ போய்விடுவார். 45 வயதில், சொந்த வீடும் வயதான பெற்றோரும் உள்ள ஃபிட்டர் போகமாட்டார்.

யேனாவும் ஹோயர்ஸ்வெர்டாவும்

கிழக்கு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவதும் தவறு. யேனா நகரம் கார்ல் ஸைஸ் ஒளியியல் கோம்பினாட்டின் தலைமையிடம். 1989இல் அந்தத் தொகுப்பில் 60,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள். 1991இல் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள், இங்கும் சரிவு சின்னதல்ல. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் முன்னாள் முதல்வர் லோதார் ஷ்பேத் பொறுப்பேற்று, பெரும் அரசு நிதியோடு யேனாப்டிக் என்ற நிறுவனத்தைக் கட்டினார். மேற்கு ஜெர்மனியில் தனியாக இயங்கிய ஸைஸ் நிறுவனம் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. வெளியேறிய பொறியாளர்கள் சிறு நிறுவனங்கள் தொடங்கினார்கள். 1558இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஊரிலேயே இருந்தது. லேசர், லென்ஸ், அளவீட்டுக் கருவி என்று பழைய திறமை புதிய சரக்குக்கு உதவியது. இன்று யேனாவின் வேலையின்மை கிழக்கின் மோசமான வட்டாரங்களோடு ஒப்பிடும்படி இல்லை. டிரெஸ்டனிலும் இதே கதை: பழைய மின்னணுத் தொழிலாளர்களை நம்பித்தான் தொண்ணூறுகளில் சீமென்ஸும் பிறகு ஏஎம்டியும் சிப் ஆலைகளோடு வந்தன.

ஹோயர்ஸ்வெர்டா வேறு. ஷ்வார்ட்ஸ பும்பெ நிலக்கரி ஆலைத் தொகுப்புக்காக ஐம்பதுகளில் அடுக்குமாடிகளாக எழுப்பிய நகரம். சில ஆயிரம் பேர் இருந்த ஊர் எண்பதுகளில் 70,000 பேரைத் தொட்டது. இளம் குடும்பங்கள், எல்லோரிடமும் சான்றிதழ், பிள்ளைகள் நிறைந்த தெருக்கள். இன்று அதில் பாதிகூட இல்லை, மாடி மாடியாக இடித்திருக்கிறார்கள். 1989இல் இங்கிருந்தவர்களின் படிப்பு யேனாவின் தொழிலாளியைவிட மோசமில்லை. நிலக்கரி வெட்டவும் எரிக்கவும் தெரிந்த திறமையை வேறு எதற்கும் வாங்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை, அதுதான் வேறுபாடு.

போனவர்கள், இருந்தவர்கள்

1990க்குப் பிறகு கிழக்கிலிருந்து மேற்குக்குப் போனவர்களில் திரும்பியவர்களைக் கழித்தாலும் பத்து லட்சத்துக்கு மேல் இழப்பு. போனவர்கள் இளையவர்கள், பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள், அதிலும் பெண்கள் அதிகம். சில கிராமப்புற மாவட்டங்களில் இருபதுகளில் உள்ள ஆண்களுக்கு ஈடாகப் பெண்களே இல்லாத நிலை வந்தது.

வட்டார அட்டவணையைப் படிப்பவர் கவனிக்க வேண்டிய பெரிய சிக்கல் இதுதான். இருபது ஆண்டு கழித்து அதே மாவட்டத்தை அளந்தால், இளையோரிடையே படிப்பு குறைவு, நீண்டகால வேலையின்மை அதிகம் என்று வரும். படிப்பு குறைந்ததால் வேலை இல்லை என்று படிக்கத் தோன்றும். நடந்தது தலைகீழ். வேலை இல்லாததால் படித்தவர்கள் போனார்கள். மீதி இருப்பவர்களின் சராசரியைத்தான் அளக்கிறோம்.

காரணம் எதிர்த்திசையில் ஓடுவதற்கு இன்னொரு சான்று ஸ்பெயின். 2008 வரையிலான கட்டுமான எழுச்சியில் 17 வயதுப் பையனுக்குச் சித்தாள் வேலையில் நல்ல கூலி கிடைத்தது. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் 30 சதவீதத்தைத் தாண்டினர். எழுச்சி உடைந்து கட்டுமான வேலைகளில் பாதிக்கு மேல் மறைந்தபோது, அந்தப் பையன்களிடம் சான்றிதழும் இல்லை, வேலையும் இல்லை. 2013இல் தெற்கு ஸ்பெயினில் உள்ள அந்தலூசியாவின் வேலையின்மை 36 சதவீதம் அளவில் இருந்தது. அங்கே வேலைச் சந்தைதான் படிப்பைத் தின்றது.

எண்கள் இறங்கிய விதம்

கிழக்கின் வேலையின்மை 2005க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் இறங்கிக்கொண்டே வந்தது. இப்போது மேற்கோடு உள்ள இடைவெளி சில புள்ளிகள்தான். இதற்கு யார் காரணம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஹார்ட்ஸ் சட்டங்கள் என்று ஒரு தரப்பு, ஏற்றுமதி எழுச்சி என்று இன்னொரு தரப்பு. நான் அதிக எடை கொடுப்பது பிறப்புக் கணக்குக்கு. பெர்லின் சுவர் விழுந்ததும் கிழக்கில் பிள்ளை பெறுவது சடாரென நின்றது. 1989இல் 2 லட்சம் பிறப்புகள், 1994இல் 80,000 அளவு. ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.77 குழந்தை. 2010 வாக்கில் இந்தச் சிறிய தலைமுறை பழகுநர் வயதுக்கு வந்தது. மறுபக்கம், தொண்ணூறுகளில் வேலை இழந்தவர்கள் ஓய்வூதிய வயதைத் தொட்டார்கள். விண்ணப்பக் குவியலைத் தள்ளிவிட்ட நிறுவனங்கள் ஆள் தேடத் தொடங்கின.

அதாவது அந்த ஃபிட்டருக்கு வேலை கிடைத்ததால் எண் இறங்கவில்லை. அவர் ஓய்வூதியர் பட்டியலுக்கு மாறியதால் இறங்கியது. பாதி வாழ்க்கையில் பங்களிப்புச் செலுத்தாததால் அந்த ஓய்வூதியமும் சிறியது.

ஆள் பற்றாக்குறை வந்த பிறகு படிப்பின் எடை கூடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று ஜெர்மனியில் மிக மோசமான வேலையின்மை கிழக்கில் இல்லை. மேற்கின் ருர் பகுதியில், நிலக்கரியும் எஃகும் போன கெல்சன்கிர்ஷன் நகரில் 15 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. நாடு முழுவதும் தொழிற்சான்றிதழ் இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவர் வேலையற்றவர், சான்றிதழ் உள்ளவர்களிடம் அது சில சதவீதமே. வேலை நிறைய இருக்கும் காலத்தில்தான் சான்றிதழ் வாசலைத் திறக்கிறது. அப்போது அது இல்லாதவர் மட்டும் வெளியே நிற்கிறார், ஆண்டுக்கணக்கில் நிற்கிறார். அவர்களுக்காக 2019இல் வந்த சட்டம் பயிற்சியை முன்வைக்கவில்லை. ஏழு ஆண்டில் ஆறு ஆண்டு உதவித்தொகையில் இருந்தவரை வேலைக்கு எடுத்தால், முதல் இரண்டு ஆண்டு முழு ஊதியச் செலவையும் அரசு ஏற்கிறது. முதலில் வேலை, பயிற்சி வேலைக்குள்ளேயே. தொண்ணூறுகளில் செய்ததற்கு நேர் எதிர் வரிசை.

லௌசிட்ஸில் அடுத்த சோதனை தொடங்கிவிட்டது. 2020இல் நிறைவேறிய சட்டப்படி நிலக்கரி மின்சாரம் 2038க்குள் முடிய வேண்டும். நிலக்கரி வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த முறை சுரங்கம் மூடும் முன்பே, 2024 ஜனவரியில், கோட்புஸ் நகரில் அதிவேக ரயில்களைப் பராமரிக்கும் பணிமனை திறந்தது. திட்டமிட்ட வேலைகள் 1,200. அதே ஆண்டு ஜூலையில் அங்கே ஒரு மருத்துவப் பல்கலைக்கழகமும் தொடங்கியது. ரயில்வே தனக்கு வேண்டிய பழகுநர்களைத் தானே எடுத்துப் பயிற்றுவிக்கிறது, இரண்டாம் வாசல் முதலிலேயே திறந்திருக்கிறது. ஆனால் 1994 அளவில் பிறந்த அந்தச் சிறிய தலைமுறையின் பிள்ளைகள்தான் இப்போது பள்ளியில் சேரும் வயதை நெருங்குகிறார்கள், அதாவது அவர்களும் குறைவு. 1991இல் சான்றிதழோடு நின்ற ஆளுக்கு வேலை இல்லை. கோட்புஸில் இனி வரும் வேலைகளுக்கு ஆளை வெளியூரிலிருந்து அழைத்து வர வேண்டியிருக்கும்.